உன் அப்பா லீவில் இருக்கிறார்

மகனே,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல் தருகிறேன். நீ படித்து முடித்ததும் வேலாயி அக்காவிடம் கொடு. அவள் யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுப்பாள். கடைசியில் இது சிலமலையில் உன் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் எனக்கு மறுப்பில்லை. என் வீட்டில் நடந்ததை நாலு பேர் நடுவில் வைத்துப் பேசுகிறவள் இல்லை நான் என்று உனக்குத் தெரியும். ஏலக்காய்க் கிட்டங்கியில் பல வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற பெண்களுக்கே, நான் சிலோனிலிருந்து வந்தவள், மதியச் சோறு தின்றுகொண்டே நூலகப் புத்தகம் படிக்கிறவள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவள் ஒட்டாத கடிதம் எழுதுகிறேன் என்றால், இது என் வீட்டு விஷயம் மட்டுமில்லை என்று புரிந்துகொள்.

நேற்று நீ உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எடுத்துப் பார்த்தேன். மணமகனின் தந்தை என்ற இடத்தில் உன் அப்பாவின் பெயர் அச்சில் இருந்தது. அதற்கு முன்னால் பென்சிலால் 'அமரர்' என்று எழுதியிருந்தது. சிலமலைக்காரர்கள் எழுதியதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கையெழுத்தைப் பார்த்தேன். அது உன்னுடையது. தாளின் அடியில், 'அம்மா, கல்யாணத்தன்று காலையில் பெரட்டு வேண்டாம், இந்த வருஷம் மட்டும் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளி வைக்கச் சொல்' என்றும் எழுதியிருந்தாய். வாயால் சொல்லக் கூசியதை எழுதினாய். நானும் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். இரண்டும் நடக்காது.

கோபத்தில் சொல்லவில்லை. போன வாரம் சிலமலையில் உன் மாமனார் வீட்டில் பேசியபோது நீயும் இருந்தாய். ஆனால் தலையைக் குனிந்து காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்ததால், அங்கே யார் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. உன் மாமனார் கெட்டவர் இல்லை. உள்ளதை நேராகக் கேட்டார்.

"தங்கச்சி, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். எங்க சனம் பத்திரிகையைப் பிரிச்சா மொதல்ல பாக்குறது அப்பன் பேரைத்தான். ஆளு இருக்காருன்னா மணவறைக்குப் பக்கத்துல நிக்கணும். இல்லைன்னா இல்லைன்னு போட்டுரணும். ரெண்டும் இல்லாம பேரு மட்டும் நின்னா, ஆளு எங்கய்யான்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல?"

"தெரியலைன்னு சொல்லுங்கண்ணே."

"அதெப்படித்தா சொல்றது? பொண்ணு குடுக்குறவன் தெரியலைன்னு சொல்லலாமா?"

அவருடைய தம்பி, வக்கீல் ஆபீசுக்குப் போய்வருகிறவர், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏழு வருசம் ஆளைப் பத்தித் தகவலே இல்லைன்னா, செத்ததாத்தான் எடுத்துக்கிறணும்னு சட்டமே சொல்லுது மதினி. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலை."

"சட்டம் எங்களை ரெண்டு நாட்டுக்காரங்கன்னுகூடத்தான் சொல்லுச்சு தம்பி. ஒரே சட்டியில சோறு தின்னவங்களை" என்றேன்.

உன் மாமனார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஆளுகதான், ஆனா பேச்சு வேற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நம்ம ஆளுகதான். அது உண்மை. என் தாத்தா பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து பஞ்சத்தில் சிலோன் கப்பலுக்கு நடந்து போனவர். உன் அப்பாவின் தாத்தாவும் இந்த மலையடிவாரத்துக்காரர்தான். அதனால்தான் இந்தச் சம்பந்தமே பேச முடிந்தது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணுக்குத் திரும்பி வந்து இறங்கினால், 'சிலோன் அகதி' என்று பெயர். அங்கே இருந்தவரை 'கள்ளத்தோணி' என்று பெயர். இரண்டு இடத்திலும் நமக்குப் பெயர் வைத்தவர்கள் வேறு யாரோ. நமக்கென்று நாமே வைத்துக்கொண்ட பெயர்கள் கொஞ்சம்தான் மிச்சம். அவற்றில் ஒன்றின் முன்னால்தான் நீ பென்சிலால் எழுதியிருக்கிறாய்.

நாம் சிலோனிலிருந்து கிளம்பி வந்த நாள் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று நான் கேட்டதில்லை. உனக்கு அப்போது எட்டு வயது. கப்பல் பார்க்கிற ஆசையில் முதல் நாளெல்லாம் சாப்பிடாமல் திரிந்தாய். உன் அப்பாவைப் பெற்ற அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார்கள். அவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கப்பல் ஏற முடியாது. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு நமக்குக் கொடுத்த பயண நாளைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் நீயும் முன்னால் போவது, அம்மாவின் காலம் முடிந்ததும் அவர் வருவது என்று முடிவானது. நம்மை ஏற்றிவிட அவர் தலைமன்னார் வரை வந்தார். நான் அழுதுகொண்டே இருந்ததால், சிரிக்க வைக்கப் பார்த்தார். "ஏன் புள்ள அழுவுற? கங்காணிகிட்ட லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். லீவு முடிஞ்சா வேலைக்கு வந்துதானே ஆகணும்? நீ எங்க இருக்கியோ அங்கதான் எனக்கு வேலை" என்றார். உன் தலையில் கை வைத்து, "அம்மாவை அழ விடாத தொர" என்றார். தோட்டத்தில் வெள்ளைக்காரன் இருந்த நாற்காலிக்குத்தான் துரை என்று பெயர். உன்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை கிடைத்து வந்தோம். தேயிலைக்குப் பதில் ஏலச்செடி. மற்றபடி அதே மழை, அதே குளிர், அதே அட்டைக்கடி. லயத்து வரிசை வீடுகளில் வேலாயி அக்கா, தங்கம்மா, சூசை அண்ணன் என்று நம்மைப்போல் சிலோனிலிருந்து வந்த சிலர் போக, மற்றவர்கள் இந்தப் பள்ளத்தாக்கு ஊர்க்காரர்கள். காய் எடுப்பு முடிந்தால் தேவாரத்துக்கும் சிலமலைக்கும் ஜீப்பு ஏறிவிடுவார்கள். நாம் அங்கேயே இருப்போம். அதில் என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. தங்கம்மா செத்தபோதுதான் தெரிந்தது.

தங்கம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குக் காய்ச்சல் கண்டு பிதற்றிய அன்று, மழையில் பாதை சரிந்து ஜீப்பு மேலே வரவில்லை. உன்னைப் படுதாவில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் போடி வரை இறங்கியவள் அவள்தான். நான் பின்னால் வழுக்கி வழுக்கி ஓடினேன். அவளுடைய மகனும் மகளும் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்று அங்கேயே நின்றுவிட்டார்கள். இவளுக்கு மட்டும் இந்தியச் சீட்டு வந்தது. மறு வருஷம் அவளுக்கே காய்ச்சல் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டாள். பிணத்தைக் கிடத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். கங்காணி வந்து, குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

"எந்த ஊருக்குக் கொண்டு போறீக? ஜீப்புக்குச் சொல்லி விடணும்."

அந்தத் தோட்டத்து வழக்கம் அது. யார் செத்தாலும் அவரவர் ஊருக்கு இறக்குவார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் ஒருவருக்கும் சொல்ல ஓர் ஊர் இல்லை. அப்போது வேலாயி அக்கா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்த ஊருக்குத்தான்" என்றாள்.

"இங்க ஏது சுடுகாடு?"

"பொணம் இருக்குல்ல? இனி சுடுகாடும் இருக்கும்."

சுற்றுத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்கள் சொல்லி அனுப்பாமலே மலையேறி வந்தார்கள். தோட்டத்தார் செடி நட உதவாத ஒரு பாறைச் சரிவைக் காட்டினார்கள். அங்கேதான் வைத்தோம். காரியம் முடிந்த மறுநாள் விடியலில் பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்குமுன் பெயர் கூப்பிடுவதைச் சிலோன் தோட்டங்களில் அப்படித்தான் சொல்வார்கள். கங்காணி பழக்கத்தில் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், 'தங்கம்மா' என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் "இருக்கேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலர் கேட்டார்கள். அங்கே, சிலோனில், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவளுக்குப் பெரட்டு தவறிவிடும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அன்றைய வேலை போச்சு. அதனால் பக்கத்தில் நிற்பவள் அவளுக்காகவும் குரல் கொடுத்துவிடுவாள். யார் யாருக்குக் குரல் கொடுத்தார்கள் என்று வெளியே சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு எத்தனையோ காலையில் குரல் கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் பழக்கம்தான் வாயில் வந்தது. தங்கம்மா வரத் தாமதமாகிறது, அவ்வளவுதான். கங்காணி அடுத்த பெயருக்குப் போனார். அன்றைக்கு அவளுடைய வரிசையிலும் நானே காய் எடுத்தேன்.

அந்தத் தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, விடியலில், வேலாயி அக்கா நம் ஆட்களை எல்லாம் அந்தச் சரிவில் கூட்டி நிறுத்தினாள். சிலோனில் விட்டுவிட்டு வந்த நம் பிணங்களுக்கு விளக்கு வைக்க ஆளில்லை, பெயரையாவது கூப்பிடுவோம் என்றாள். கூப்பிட்டாள். தன் மகன் பெயர் வந்ததும், தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை. சூசை அண்ணன் கூட்டத்திலிருந்து, "விடுக்கா, நீ கூப்பிடுற வேலையை மட்டும் பாரு, நான் சொல்றேன்" என்று, "இருக்கேன்" என்றார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். செத்த பிள்ளை பெயர் முருகையா. அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. தன் வீட்டுப் பிணத்துக்குத் தான் பதில் சொல்லக் கூடாது, அடுத்த வீட்டார்தான் சொல்ல வேண்டும். சொன்னவர் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு ஆள். தண்ணீர் தூக்க, ஆஸ்பத்திரிக்கு ஓட, சண்டை வந்தால் பக்கத்தில் நிற்க. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு வரை யாரும் மீறவும் இல்லை.

என் அப்பாவுக்குச் சூசை அண்ணன் பதில் சொன்ன வருஷம்தான் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. தினமும் கீழாநெல்லியை அரைத்து உருட்டிக்கொண்டு வருவார். வாசலில் நின்று, "உங்கப்பனைக் கண்ணால பார்த்தது இல்லை. செத்த மனுசன் என்னைய என்னா வேலை வாங்குறாரு பாரு தங்கச்சி" என்று புலம்பிவிட்டுத்தான் உள்ளே வருவார். நீ ஓட்டுகிற ஜீப்பின் ஸ்டியரிங்கை முதன்முதலில் உன் கையில் கொடுத்தவர், அந்த வருஷம் என் அம்மாவுக்குப் பதில் சொன்னவர். மெட்டுச் சாலையின் கொண்டையூசி வளைவுகளை உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது, உன்னிடம் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தெரியும். நாம் போடிக்கு இறங்கி வந்த பிறகும், மலையில் இருப்பவர்கள் அந்த ஒரு நாள் இறங்கி வருவதும், பெரட்டை நம் தெரு முக்கில் வைத்துக்கொள்வதும் அதனால்தான். 'சிலோன்காரங்க செத்தவனுக்கு ஆஜர் எடுக்குறாங்கப்பா' என்று தெருவே சிரித்த காலம் உண்டு. சிரிக்கட்டும். ஆஜர் எடுக்க ஆளில்லாதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நீ ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் அங்கே கலவரம் வந்தது. அதற்கு முன்பே உன் பாட்டி இறந்துவிட்டார்கள், பயணச் சீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று அப்பா கடிதத்தில் சொல்லியிருந்தார். கலவரத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பின்னால் கப்பலில் வந்தவர்களை மண்டபத்துக்கே போய்த் தேடித் தேடி விசாரித்தேன். லயம் எரிந்தது என்றார்கள். ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள் என்றார்கள். பிணத்தைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. எரிவதற்கு முந்தின நாளே அவர் ஏதோ ஊருக்குப் போயிருந்ததாக ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு கப்பலே நின்றுவிட்டது.

கலவரம் நடந்து வந்த முதல் தையில் வேலாயி அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "என்ன செய்ய? கூப்பிட்டா செத்துட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆகும். கூப்பிடாம விட்டா மறந்துட்டோம்னு ஆகும். நீ சொல்லு" என்றாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். ஞாயிறு விடிந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பெயர்கள் வந்தன, பதில்கள் வந்தன. கடைசியில் அவள் ஒரு மூச்சு எடுத்து, "ராமையா மவன் சிவலிங்கம்!" என்று கூப்பிட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து சூசை அண்ணன், மேட்டிலிருந்து கங்காணிக்குக் கத்துகிற அதே குரலில், "லீவு!" என்றார்.

யாரோ சிரித்தார்கள். வேலாயி அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். கலவரச் செய்தி வந்த பிறகு நான் வாய் திறந்து சிரித்தது அன்றைக்குத்தான். கப்பல் துறையில் அவர் என்னிடம் சொன்னது சூசை அண்ணனுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இந்தக் கடிதத்தில்தான் சொல்கிறேன். நீ நிமிர்ந்து பார்த்து, "லீவு எப்ப பெரியம்மா முடியும்?" என்று கேட்டாய். "அது தொரைக்கே தெரியாதுடா" என்றாள் வேலாயி அக்கா. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டார் அந்தப் பதிலைச் சொல்கிறார்கள். சொல்கிறவர் அந்த வருஷம் நமக்கு ஆளாகிறார். இத்தனை வருஷமும் உன்னையும் என்னையும் விழாமல் தாங்கியது அந்த ஒரு வார்த்தையை மாறி மாறிச் சொன்னவர்கள்தான். இப்போது அதை 'அமரர்' என்று மாற்று என்கிறாய்.

உனக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'உங்கப்பன் வேற வீடு பாத்துக்கிட்டானாம்ல' என்று கேட்டவனை அடித்துவிட்டுச் சட்டை கிழிந்து வந்தாய். அவர் செத்துவிட்டார் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தால், உன் சட்டை முழுசாக இருந்திருக்கும். விதவை என்று எழுதிக் கொடுங்கள், உதவி கிடைக்கும் என்று நல்ல மனசோடு சொன்னவர்களிடமும் மறுத்தேன். அந்த உதவி நமக்கு அப்போது வேண்டியதாகத்தான் இருந்தது. என் பிடிவாதத்துக்கு நீயும் விலை கொடுத்தாய். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அதற்காக வருந்தவில்லை. மறுபடி அந்த நாள் வந்தாலும் அதையே செய்வேன்.

கிட்டங்கியில் ஒரு நாள், முறத்தில் காயைப் புடைத்துக்கொண்டே ஒருத்தி கேட்டாள். "சிலோன் அக்கா, கோவிச்சுக்காதீக. யாரு பாக்க இம்புட்டுப் பூவு?"

"நான் பாக்கத்தான்" என்றேன்.

"தலைக்குப் பின்னாடி இருக்கிறதை எப்படிக்கா பாப்பீக?"

"வாசம் வருதுல்ல."

சிரித்துவிட்டாள். மறுநாள் அவளே ஒரு முழம் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நான் பூ வைப்பது அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததால் இல்லை. எனக்குத் தெரியாது. எத்தனையோ புத்தகங்களில் பிரிந்தவர்களும் காத்திருந்தவர்களும் வருகிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் கடைசிப் பக்கத்தில் ஏதாவது ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத பதிலைக் கிடைத்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போடச் சொன்னால் மாட்டேன். ஒருவரைக் கொல்வதற்குக் கலவரமே வேண்டியதில்லை மகனே. ஒரு கல்யாணத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நாமே ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும்.

இனி, நீ குடும்பஸ்தனாகப் போகிறவன் என்பதால் சில விஷயம். உன் மாமனாரிடம் மரியாதையாக இரு. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மரியாதைக்கும் பயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளிலேயே காட்டிவிடு, பிறகு காட்ட முடியாது. அவர்கள் வீட்டில் உன் பேச்சை மாற்றிக்கொள்ளாதே. தேத்தண்ணி என்று வாயில் வந்தால் தேத்தண்ணி என்றே கேள். உன்னைப் பற்றி மனைவியிடம் எதையும் மறைக்காதே. நீ எதை மறைக்கிறாயோ அதை அவளும் சேர்ந்து மறைக்க வேண்டியிருக்கும். அது அவள் கொண்டுவராத சுமை.

அவளைப் பற்றி நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். இன்று மதியம் ஈஸ்வரி கிட்டங்கிக்கு வந்திருந்தாள். போடிக்குச் சேலை எடுக்க வந்தவள், சித்தியைக் கடையில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக வந்தாள். பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் பக்கத்தில் சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, எங்க வீட்டுல பேசுனதை அடுப்படியில இருந்து கேட்டேன். உங்க பேச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. அந்தப் பெரட்டுன்னா என்னா? அவுகளைக் கேட்டா மழுப்புறாக."

சொன்னேன். தங்கம்மாவிலிருந்து சூசை அண்ணன் வரை சொன்னேன். முறத்தில் இருந்த காயைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"சொந்த வீட்டாளு பதில் சொல்லக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமா."

"முகூர்த்தம் வெயில் ஏறி. பெரட்டு விடியக்காலம். அப்ப நான் இன்னும் சிலமலைப் பொண்ணுதானே? உங்க வீட்டாளு இல்லையே?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"சொன்னா வருசம் பூரா அந்த வீட்டுக்கு ஆளா இருக்கணும்த்தா" என்றேன்.

"ஒரு வருசந்தானா? நான் அதுக்கு மேலயும் இருக்கலாம்னு நெனைச்சேன்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்துவிட்டாள். "எங்கப்பாகிட்ட நானே பேசிக்கிறேன். நீங்க வேலாயி பெரியம்மாகிட்டச் சொல்லி வைங்க. எங்கிட்டு நிக்கணும், எம்புட்டுச் சத்தமாச் சொல்லணும்னு கேட்டு வைங்க. வெரசாப் போகணும், சித்தி தேடும்" என்று போய்விட்டாள். அவள் போன பிறகு நான் பொறுக்கிய காயில் பாதியை மறுபடி பொறுக்க வேண்டியிருந்தது. கண் சரியாகத் தெரியவில்லை.

ஆகவே தை முதல் ஞாயிறு, விடியலில், கல்யாண மண்டபத்து முற்றத்திலேயே பெரட்டு நடக்கும். மலையிலிருந்து நம் சனம் முழுக்க இறங்கி வரும். அவர்களை ஏற்றிவர முதல் நாளே உன் ஜீப்பை அனுப்பு. கூட்டாளிகளின் ஜீப்பையும் சேர்த்துக் கேள். அவர்கள் பின்கட்டில் உட்கார மாட்டார்கள், முன்வரிசையில் உட்காருவார்கள். நான் பொட்டு வைத்து, பூ வைத்து, உன் பக்கத்தில் நிற்பேன். அப்பா பெயரை வேலாயி அக்கா கூப்பிடும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. அது முறை. பதில் எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து வரும்.

உன் முறை அதற்கு முன்னாலேயே வந்துவிடும். முதல் பெயர் எப்போதும் தங்கம்மாதான். இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அவளுக்குக் குரல் கொடுத்ததில்லை. அவளுடைய பிள்ளைகளுக்கு அவளை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாது. அவள் முதுகில் இறங்கி வந்தவன் நீ. மாப்பிள்ளைக் கோலத்தில் நின்று, உன் மாமனாரின் சனம் அத்தனையும் கேட்கும்படி சொல்.

பத்திரிகைத் தாளை இதனோடு வைத்திருக்கிறேன். பென்சிலில் இருந்ததை ரப்பரால் அழித்துவிட்டேன். தேய்த்த இடம் கொஞ்சம் அழுக்காக இருக்கிறது, அச்சில் தெரியாது. அவர் பெயர் மட்டும் இருக்கிறது. அப்படியே அடிக்கச் சொல்.

உன் அம்மா